வரைபடம் மட்டும் போதாது: இலங்கையும் வர்த்தக மையக் கனவும்

இலங்கையின் பொருளாதார எதிர்காலம் பற்றிய உரைகள் பெரும்பாலும் வரைபடத்திலிருந்தே தொடங்குகின்றன. ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் கடற்பாதை தெவுந்தரமுனைக்குத் தெற்கே சில கடல் மைல் தொலைவில் செல்கிறது. வடக்கே இந்தியா என்னும் பெருஞ்சந்தை உள்ளது. எனவே, இந்தச் சிறிய தீவு சர்வதேச வர்த்தக, விநியோக மையமாக உயர்வது இயல்பானது என்பதே அந்த உரைகளின் சாரம். அரசாங்கங்கள் மாறினாலும் இந்த வாசகம் மாறவில்லை.

ஆனால், இத்தீவின் வரலாறு வேறொரு பாடத்தைச் சொல்கிறது. மன்னாருக்கு அருகிலுள்ள மாந்தை ஒரு காலத்தில் மேற்காசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் பொருள்கள் வந்துசேர்ந்த பெருந்துறையாக விளங்கியது. அங்கு நடைபெற்ற அகழாய்வுகளில் கிடைத்த மட்பாண்டங்கள் அதற்குச் சான்று. 11ஆம் நூற்றாண்டளவில் அதன் சிறப்பு மங்கியது. பின்னர் காலி எழுந்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே தொடர்பான 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கிருந்தே கண்டெடுக்கப்பட்டது. அது சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டிருந்தமை, அக்காலக் கடல் வணிகத்தில் எம்மொழிகள் வழங்கின என்பதை உணர்த்துகிறது. நீராவிக் கப்பல்களின் காலத்திலும் காலியே முதன்மைத் துறையாக இருந்தது. ஆயினும், பாறைகள் நிறைந்த அதன் குடா தென்மேற்குப் பருவக்காற்றின்போது கப்பல்களுக்கு ஆபத்தாக இருந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய கொழும்பின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் 1885இல் நிறைவடைந்தது. அந்தப் பத்தாண்டுக்குள் கப்பல்கள் காலியை விட்டு நீங்கிவிட்டன.

இந்த மாற்றங்களின்போது இலங்கையின் இருப்பிடம் ஒரு மைல்கூட நகரவில்லை. மையம் மட்டுமே இடம் மாறியது. ஆகவே, அமைவிடம் ஒரு நாட்டுக்கு வாய்ப்பைத் தரலாம். அந்த வாய்ப்பைத் தக்கவைப்பது மனிதர் அமைக்கும் ஏற்பாடுகளே. இன்று இதை நினைவுகூர வேண்டிய தேவை உண்டு. முன்னைய இடமாற்றங்கள் தீவுக்குள்ளேயே நிகழ்ந்தன. அடுத்த இடமாற்றம் தீவுக்கு வெளியே நிகழ்வதற்கான சூழல் உருவாகியுள்ளது.

மையம் என்பதன் பொருள்

ஒரு பெரிய கொள்கலன் கப்பல் ஒரே பயணத்தில் 20,000க்கும் மேற்பட்ட 20 அடிக் கொள்கலன் அலகுகளை ஏற்றிச் செல்லக்கூடியது. அத்தகைய கப்பல் ஒவ்வொரு துறைமுகமாக நுழைந்து வெளியேறுவது கட்டுபடியாகாது. ஆகவே அது ஆழமான சில துறைமுகங்களில் மட்டுமே நிற்கும். அங்கு இறக்கப்படும் கொள்கலன்களைச் சிறிய இணைப்புக் கப்பல்கள் சுற்றுவட்டாரத் துறைமுகங்களுக்குக் கொண்டு செல்லும். அவ்வாறே அத்துறைமுகங்களிலிருந்து வரும் கொள்கலன்கள் தாய்க் கப்பலில் ஏற்றப்படும். இதுவே மீள்கப்பலேற்றம் எனப்படுகிறது.

கொழும்பின் பலமும் பலவீனமும் இதில்தான் உள்ளன. அங்கு கையாளப்படும் கொள்கலன்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மீள்கப்பலேற்றத்துக்கு உரியவை. அவற்றுள் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவது அல்லது இந்தியாவுக்குச் செல்வது. கொழும்பு 2018இல் முதன்முறையாக 70 இலட்சம் அலகுகளைக் கடந்தது. தெற்காசியாவில் இது பெருமைக்குரிய நிலை. ஆனால், இந்தச் சரக்குக்கு இலங்கையில் உற்பத்தியாளரும் இல்லை, நுகர்வோரும் இல்லை. எந்தத் துறைமுகத்தில் கொள்கலனை மாற்றுவது என்பதைக் கப்பல் நிறுவனத்தின் தலைமையகமே தீர்மானிக்கிறது. ஒரு நாட்டின் சொந்த ஏற்றுமதி, இறக்குமதி அதன் துறைமுகத்தைவிட்டு எளிதில் போய்விடாது. மீள்கப்பலேற்றச் சரக்கோ ஒரே ஒரு கால அட்டவணை மாற்றத்தால் வேறிடம் போய்விடும்.

தவிரவும், ஒரு கொள்கலனை ஒரு கப்பலிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றுவதால் கிடைப்பது கையாளல் கட்டணம் மட்டுமே. அக்கொள்கலனைத் திறந்து, பொருள்களைப் பிரித்து, வேறு நாட்டுப் பொருள்களுடன் சேர்த்து, பொதியிட்டு, கொள்வனவாளரின் களஞ்சியத்துக்கு நேரே அனுப்பும்போதுதான் வேலைவாய்ப்பும் கூடுதல் பெறுமதியும் உருவாகின்றன. கப்பல்களுக்கான எரிபொருள், பழுதுபார்ப்பு, காப்புறுதி, நிதி, பிணக்குத் தீர்வு ஆகிய சேவைகளும் சேரும்போதே அது முழுமையான மையமாகிறது. துறைமுகம் வைத்திருப்பதும் மையமாக இருப்பதும் ஒன்றல்ல.

கொழும்பு எவ்வாறு வளர்ந்தது

1979இல் இலங்கைத் துறைமுக அதிகார சபை அமைக்கப்பட்டது. 1980களில் ஜப்பானிய உதவியுடன் ஜய கொள்கலன் முனையம் உருவானது. இந்தியத் துறைமுகங்கள் பெரிய கொள்கலன் கப்பல்களுக்கு ஆயத்தமாகாத காலத்திலேயே கொழும்பு ஆயத்தமானது. 1999இல் தனியார் பங்கேற்புடன் தென்னாசிய நுழைவாயில் முனையம் செயற்படத் தொடங்கியது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் தெற்குத் துறைமுகத்துக்கான புதிய அலைதடுப்புச் சுவர் கட்டப்பட்டு, 18 மீற்றர் ஆழமுள்ள பகுதி உருவாக்கப்பட்டது. அங்கு 2013இல் திறக்கப்பட்ட கொழும்பு சர்வதேசக் கொள்கலன் முனையத்தின் 85 சதவீதப் பங்கு சீனாவின் சைனா மேர்ச்சன்ட்ஸ் நிறுவனத்திடமும் 15 சதவீதம் துறைமுக அதிகார சபையிடமும் உள்ளன.

இவ்வளர்ச்சி தடையின்றி நிகழவில்லை. 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்ட பின்னர், இலங்கைக்கு வரும் கப்பல்கள்மீது போர் அபாயக் காப்புறுதிக் கட்டணம் சுமத்தப்பட்டது. துறைமுகத்தில் ஒரு பாரந்தூக்கிகூடப் பழுதடையவில்லை; ஆழம் குறையவில்லை. ஆயினும் பல கப்பல்கள் கொழும்பைத் தவிர்த்தன. ஒரு நாட்டின் உள்நாட்டு அமைதி அதன் துறைமுகக் கட்டணத்தின் ஒரு பகுதி என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

இந்தியாவின் சட்டங்களும் கொழும்புக்குத் துணைநின்றன. இந்தியத் துறைமுகங்களுக்கிடையே வெளிநாட்டுக் கொடியேந்திய கப்பல்கள் சரக்கேற்றுவதற்கு நீண்டகாலமாகக் கட்டுப்பாடு இருந்தது. கொச்சியில் வல்லார்பாடம் முனையம் 2011இல் திறக்கப்பட்டபோது கொழும்பின் வணிகம் சரியும் எனப் பலர் எதிர்பார்த்தனர், அவ்வாறு நிகழவில்லை. அம்முனையத்துக்கு இடைவிடாத தூர்வாரல் தேவைப்பட்டது, செலவும் அதிகமாக இருந்தது. ஆனால், 2018இல் இந்தியா அக்கட்டுப்பாட்டை மீள்கப்பலேற்றக் கொள்கலன்களுக்குத் தளர்த்தியது. கொழும்பைக் காத்துநின்ற சுவர்களில் ஒன்று அத்துடன் விழுந்தது.

சிங்கப்பூர் சொல்லும் உண்மையான பாடம்

இலங்கையில் சிங்கப்பூரைப் பற்றிப் பேசாத அரசியல் மேடை அரிது. ஆனால், அங்கு என்ன நடந்தது என்பதைவிட அங்குள்ள உயர்ந்த கட்டடங்களே அதிகம் பேசப்படுகின்றன. 1819 முதல் சுங்கவரியற்ற துறையாக இயங்கிய சிங்கப்பூருக்கு இருப்பிட வாய்ப்பு இருந்தது உண்மை. ஆனால் அண்டையிலுள்ள மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அதே நீரிணையில் கரைகள் உண்டு. வேறுபாடு வேறிடத்தில் இருந்தது.

முதலாவது, முன்கூட்டித் துணிதல். கொள்கலன் முறை உலகெங்கும் பரவுமா என்பது உறுதியாகாத 1960களின் பிற்பகுதியிலேயே அந்நாடு உலக வங்கிக் கடனுடன் கொள்கலன் தளத்தைக் கட்ட முடிவுசெய்தது. 1972 ஜூனில் ‘நிஹோன்’ என்ற முதல் கொள்கலன் கப்பல் அங்கு வந்தது.

இரண்டாவது, காகிதத்தின் வேகம். பாரந்தூக்கிகள் எவ்வளவு விரைவாக இயங்கினாலும், அனுமதிப் பத்திரம் மேசைகளில் தேங்கினால் கொள்கலனும் தேங்கும். 1989 ஜனவரியில் தொடங்கப்பட்ட ‘டிரேட்நெட்’ என்னும் இலத்திரனியல் முறைமை, முப்பதுக்கும் மேற்பட்ட அரச நிறுவனங்களின் அனுமதிகளை ஒரே விண்ணப்பத்தில் இணைத்தது. நாட்கணக்கில் நடந்த வேலை நிமிடங்களுக்குச் சுருங்கியது.

மூன்றாவது, தோல்வியை எதிர்கொண்ட விதம். 2000இல் மேர்ஸ்க் நிறுவனம் தனது மீள்கப்பலேற்றத்தை அருகிலுள்ள மலேசியாவின் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துக்கு மாற்றியது. 2002இல் எவர்கிரீன் நிறுவனமும் அங்கு சென்றது. உலகின் முதன்மைத் துறைமுகமே பெரிய வாடிக்கையாளர் இருவரை அடுத்தடுத்து இழந்தது. சிங்கப்பூர் செலவுகளைக் குறைத்தது. முனையங்களில் கப்பல் நிறுவனங்கள் பங்குகொள்ள இடமளித்தது. கோஸ்கோ, எம்எஸ்சி போன்றவை கூட்டு முனையங்களில் இணைந்தன. தன் சரக்கைத் தன் முனையத்துக்கே கொண்டுவருவதில் கப்பல் நிறுவனத்துக்கும் நலன் உண்டானது. 2024இல் சிங்கப்பூர் கையாண்ட கொள்கலன்கள் 4.1 கோடி அலகுகள். கப்பல் எரிபொருள் விற்பனையிலும் 5 கோடி தொன்னுக்கு மேல் விற்று, உலகில் முதலிடத்தில் நிற்கிறது.

ஆகவே, சிங்கப்பூரின் பாடம் இருப்பிடத்தைப் பற்றியது அன்று. இருப்பிடத்தை நம்பி ஒருபோதும் சும்மா இருக்காததைப் பற்றியது.

இலங்கை எங்கே தடுமாறுகிறது

இலங்கை முயலவில்லை எனக் கூற முடியாது. கடல், வான், வர்த்தகம், சக்தி, அறிவு என ஐந்து துறைகளிலும் நாட்டை மையமாக்கும் திட்டத்தை 2010களின் தொடக்கத்தில் அன்றைய அரசாங்கம் முன்வைத்தது. 2012ஆம் ஆண்டின் நிதிச் சட்டமும் அதன் கீழ் 2013இல் வந்த ஒழுங்குவிதிகளும் இடைத்தரகு வர்த்தகத்துக்கும் களஞ்சியச் சேவைகளுக்கும் சலுகைகள் வழங்கின. 2010இல் அம்பாந்தோட்டைத் துறைமுகமும் 2013இல் மத்தள விமான நிலையமும் திறக்கப்பட்டன. கொங்கிரீட் வேலைகள் முடிந்தன; சரக்கும் பயணிகளும் எதிர்பார்த்தபடி வரவில்லை. 2017இல் அம்பாந்தோட்டை 112 கோடி டொலருக்கு 99 ஆண்டுக் குத்தகையில் சைனா மேர்ச்சன்ட்ஸ் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. பின்னர் வாகனங்களின் மீள்கப்பலேற்றத்திலும் எரிபொருள் விநியோகத்திலும் அத்துறைமுகம் தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்டமை உண்மையே. ஆயினும், வாடிக்கையாளரை அறிந்து துறைமுகம் கட்டுவதற்கும் துறைமுகத்தைக் கட்டிவிட்டு வாடிக்கையாளரைத் தேடுவதற்கும் இடையிலான விலை வேறுபாட்டை நாடு செலுத்திவிட்டது.

சட்டத்தின் நிலை இன்னும் வியப்புக்குரியது. இலங்கைச் சுங்கம் இன்றும் 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டத்தின் அடித்தளத்திலேயே இயங்குகிறது. பல திருத்தங்கள் வந்துள்ளபோதிலும், சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட ஆண்டில் எழுதப்பட்ட சட்டம் அது. அபராதங்களிலிருந்து ஒரு பங்கு அதிகாரிகளுக்கு வெகுமதியாகச் செல்லும் முறையும் அதனுள் அடங்கும். பொருளை நிறுத்துவதற்கு ஊக்கமளிக்கும் ஒரு முறைமை, பொருளை விரைந்து விடுவிப்பதற்கும் சம ஊக்கமளிக்கிறதா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. அதன் முதுகெலும்பான தேசிய ஒற்றைச் சாளரம் பற்றி அதன் பின்னர் பல ஆண்டுகள் பேசப்பட்டதே தவிர, சிங்கப்பூர் 1989இல் அடைந்த நிலையை இலங்கை எட்டவில்லை.

இதன் விளைவு 2025 ஜனவரியில் வெளிப்பட்டது. கொழும்பில் சுங்கப் பரிசோதனைக்காகக் காத்திருந்த கொள்கலன்கள் தேங்கி, பாரவூர்திகள் நீண்ட வரிசையில் நின்றன. நெரிசலைக் குறைக்க 323 கொள்கலன்கள் பௌதிகப் பரிசோதனையின்றி விடுவிக்கப்பட்டமை அரசியல் சர்ச்சையாக வெடித்தது. அவற்றுள் என்ன இருந்தது என்ற கேள்வியே விவாதத்தை ஆக்கிரமித்தது. ஆனால் அடிப்படைக் கேள்வி வேறு. அபாயம் மிக்க கொள்கலனையும் நம்பகமான கொள்கலனையும் முன்கூட்டியே பிரித்தறியும் முறைமை வலுவாக இருந்தால், எல்லாவற்றையும் நிறுத்துவது அல்லது எல்லாவற்றையும் விடுவது என்ற இரண்டு வழிகளில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டிய நிலை ஏற்பட்டிராது.

ஒப்பந்தத்தின் மதிப்பு

மற்றொரு குறைபாடு, கொடுத்த வாக்கு நிலைப்பதில்லை என்ற எண்ணம். கிழக்குக் கொள்கலன் முனையத்தை இந்தியா, ஜப்பானுடன் சேர்ந்து மேம்படுத்துவதற்கான புரிந்துணர்வு 2019இல் எட்டப்பட்டது. துறைமுகத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2021 பெப்ரவரியில் அது கைவிடப்பட்டது. தேசிய சொத்தொன்று வெளிநாட்டுக் கரங்களுக்குச் செல்வது குறித்த தொழிலாளரின் அச்சம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. ஆனால் அந்த விவாதம் கையெழுத்துக்கு முன்னர் நாடாளுமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் நடந்திருக்க வேண்டும். மாற்றாக மேற்குக் கொள்கலன் முனையம் வழங்கப்பட்டது. அதில் அதானி குழுமத்துக்கு 51 சதவீதமும் ஜோன் கீல்ஸ் நிறுவனத்துக்கு 34 சதவீதமும் துறைமுக அதிகார சபைக்கு 15 சதவீதமும் பங்குகள். 2025 ஏப்ரலில் அம்முனையம் செயற்படத் தொடங்கியது.

இதில் நன்மையும் உண்டு. ஒரே துறைமுகத்தில் சீன நிறுவனத்தின் முனையமும் இந்திய நிறுவனத்தின் முனையமும் அருகருகே இயங்குவது, கொழும்பு எவருக்கும் மூடப்பட்டதன்று என்பதைக் காட்டும். சிறிய நாடொன்றுக்கு நடுநிலைமை வெறும் வெளியுறவுக் கொள்கை அன்று. அது அதன் வணிக முதலீடு. 2022 ஓகஸ்ட்டில் சீனாவின் ‘யுவான் வாங் 5’ கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது எழுந்த பதற்றம், அந்த முதலீடு எவ்வளவு எளிதில் கரையக்கூடியது என்பதைக் காட்டியது.

விழிஞ்ஞம்: காலியின் கதை மீண்டுமா?

கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2024 ஜூலையில் முதல் தாய்க் கப்பல் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வணிகச் செயற்பாடு தொடங்கியது. 2025 மே 2இல் இந்தியப் பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஏறத்தாழ 18 மீற்றர் இயற்கை ஆழம் கொண்ட அத்துறை, சர்வதேசக் கடற்பாதையிலிருந்து சுமார் 10 கடல் மைல் தொலைவில் உள்ளது. வல்லார்பாடத்துக்கு இருந்த தூர்வாரல் சுமை இதற்கு இல்லை. இந்தியச் சரக்கை இந்திய மண்ணிலேயே கையாள்வது அந்நாட்டின் அறிவிக்கப்பட்ட நோக்கம். அதை இயக்கும் குழுமமே கொழும்பின் மேற்கு முனையத்திலும் பெரும்பான்மைப் பங்கு வைத்துள்ளது. எந்தக் கப்பலை எங்கு நிறுத்துவது என்ற முடிவில் அக்குழுமத்தின் நலன் எப்போதும் கொழும்பின் நலனாகவே இருக்கும் எனக் கொள்ள முடியாது.

கொழும்பு நாளையே வெறிச்சோடிவிடாது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கி, அவை நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்தபோது, கொழும்பில் சரக்கு பெருகியது. வங்காளதேசத்துக்கும் இந்தியக் கிழக்குக் கரைக்கும் அதன் இணைப்புகள் வலுவானவை. ஆனால், நெருக்கடி கொண்டுவந்த சரக்கு நெருக்கடியுடனேயே போய்விடக்கூடும். அந்த இலாபத்தைத் திறமையின் அடையாளமாக எண்ணிக்கொள்வது ஆபத்தானது.

மையத்தின் சுமையும் வடக்கு, கிழக்கின் பங்கும்

மையமாவதற்கு ஒரு விலையும் உண்டு. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. நைத்திரிக் அமிலமும் டன் கணக்கான பிளாஸ்டிக் துகள்களும் கடலில் கலந்தன. மேற்குக் கரை மீனவர்கள் தொழிலிழந்தனர். ஆயிரக்கணக்கான கப்பல்களை அழைக்கும் நாட்டுக்கு, எரியும் கப்பலை அணைக்கவும் அபாயச் சரக்கை முன்கூட்டியே அறியவும் தகுந்த ஆற்றல் வேண்டும். அது இல்லையெனில் இலாபம் முனையங்களுக்கும் இழப்பு மீனவக் குடும்பங்களுக்கும் சென்று சேரும்.

மையம் பற்றிய பேச்சு கொழும்புடன் நின்றுவிடவும் கூடாது. திருகோணமலையின் இயற்கைத் துறைமுகமும் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளும் நெடுங்காலம் பயன்குன்றிக் கிடந்தன. 2022 ஜனவரி உடன்பாட்டின்படி 99 தாங்கிகளுள் 61 கூட்டு நிறுவனமொன்றின்கீழ் மேம்படுத்தப்பட வேண்டியவை. காங்கேசன்துறை பெரிய கொள்கலன் கப்பல்களுக்கான இடம் அன்று. ஆனால் 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துடன் தொடங்கிய பயணிகள் கப்பல் சேவையை ஒட்டி, வடக்கின் மீனும் வெங்காயமும் கைத்தொழில் பொருள்களும் தென்னிந்தியச் சந்தையை நேரடியாக அடைவதற்கான சிறு சரக்குச் சேவை அங்கு சாத்தியமே. மாந்தையைக் கண்ட கரைக்கு அது மிகையான கோரிக்கை அன்று.

செய்ய வேண்டியவை

தேவைப்படுவது இன்னொரு மாபெரும் திட்டத்துக்கான அடிக்கல் அன்று. 1869ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக நவீன சுங்கச் சட்டம் வேண்டும். ஒற்றைச் சாளரம் குறித்த காலத்துக்குள் நடைமுறைக்கு வர வேண்டும்; எந்தத் திணைக்களம் எத்தனை மணிநேரம் எடுத்துக்கொள்கிறது என்பது மாதந்தோறும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். முனையங்கள் வெளிப்படையான கேள்விப்பத்திர முறையில் வழங்கப்பட வேண்டும். வழங்கிய பின்னர் ஆட்சி மாற்றத்துடன் ஒப்பந்தம் மாறக்கூடாது. துறைமுகத்தை அண்டிய களஞ்சிய, பொதியிடல் தொழில்களுக்கு இடமும் பயிற்சி பெற்ற ஊழியரும் தேவை. கடல் விபத்துகளை எதிர்கொள்ளும் தனிப் பிரிவும் தேவை.

இவற்றுள் எதற்கும் திறப்பு விழா நாடாவை வெட்ட முடியாது. ஒருவேளை அதனால்தான் இவை பின்தள்ளப்பட்டு வந்துள்ளன. 2022இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் நின்ற நாட்டுக்கு, கடன் வாங்கிக் கட்டுவதைவிடக் கட்டியதைச் சீராக இயக்குவதே எட்டக்கூடிய வழி. கடற்பாதை தெவுந்தரமுனையை ஒட்டியே தொடர்ந்து செல்லும். அதில் செல்லும் கப்பல் கொழும்புக்குத் திரும்புவதா, விழிஞ்ஞத்துக்குத் திரும்புவதா என்பதை, சுங்க மேசையில் ஒரு பத்திரம் எத்தனை நாள் கிடக்கிறது என்பதும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எத்தனை ஆண்டு நிற்கிறது என்பதுமே தீர்மானிக்கும்.